பொத்தோசிக்குப் பின் வரும் சொல்

றோஸ்மேரி அக்கா ஈரக் குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்ததும், அம்மா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

அனோஜினி சவப்பெட்டியருகே நின்று, அப்பாவின் விரல்களிலிருந்து நழுவியிருந்த செபமாலையைத் திருப்பி மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் இடம் கொடுக்கவில்லை. பொலிவியாவில் ஒரு தடவை, இங்கே மொன்றியலில் ஒரு தடவை என்று இரண்டு நாட்டுக்காரர் அலங்கரித்த உடம்பு. மீசையை யாரோ அளவெடுத்து வெட்டியிருந்தார்கள். அப்பா உயிரோடிருந்தபோது அந்த மீசை ஒருநாளும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்ததில்லை.

"நல்லாத்தான் வந்தவர் றோஸ்மேரி," பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "பொத்தோசிக்கு ஏறுமட்டும் ஒரு தலையிடிகூட இல்லை. போய் இறங்கின உடன அவளின்ர ஆக்கள் ஒரு தேத்தண்ணி குடுத்தவை. இலைத் தேத்தண்ணி. நான் வாயில வைக்கேல்லை. இவர் ஆர் எதைக் குடுத்தாலும் வேண்டாமெண்டு சொல்லத் தெரியாத மனிசன். குடிச்சார். அண்டைக்குப் பிடிச்சதுதான்."

"என்ன இலையக்கா?"

"கொக்கெயின் செய்யிற இலை."

றோஸ்மேரி அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எல்லோரும் செய்ததையே அவளும் செய்தாள். மெல்லத் திரும்பி மண்டபத்தின் கடைசிப் பக்கம் பார்த்தாள்.

அங்கே, குளிர்ச்சட்டைகள் தொங்கும் கம்பிக்கருகே அண்ணாவின் மனைவி வில்மா நின்றாள். கறுப்புப் பாவாடை, இறுக்கிப் பின்னிய தலைமயிர். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

லாசாலில் அப்பாவைப் பார்வைக்கு வைத்திருந்த அந்த மலர்ச்சாலைக்கு மத்தியானத்திலிருந்து சனம் வந்துகொண்டிருந்தது. செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். கேட்காமல் போனால் அது குறை. கேட்டால் வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பத்துப் பேருக்குச் சொல்லி முடிகிறபோது சாவு ஒரு கதையாக இறுகிவிடும். பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. அம்மாவின் கதை இறுகிக்கொண்டிருந்தது.

வில்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கதையில் வரும் இரண்டு சொற்கள் அவளுக்குத் தெரியும். ஒன்று பொத்தோசி, அவள் பிறந்த ஊர். மற்றது தேத்தண்ணி. அது அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ்ச் சொல். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், கடைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா மெற்றோ ஏறிக் கோட்-டெ-நெய்ஜில் அண்ணாவின் வீட்டுக்குப் போவார். கதவைத் திறக்கும்போதே, "அப்பா, தேத்தண்ணி?" என்று வில்மா கேட்பாள். சீனி போடாத தேத்தண்ணியை அப்பா அங்கே மட்டும்தான் முகம் சுளிக்காமல் குடித்தார்.

இன்றைக்கு ஒவ்வொரு தரமும் முதலில் பொத்தோசி வந்தது. கொஞ்சம் கழித்துத் தேத்தண்ணி வந்தது. உடனே தலைகள் திரும்பின. அதற்குமேல் யாரும் அவளுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அம்மாவின் கறுப்புக் கைப்பை இருந்தது. மருமகள் இருக்க வேண்டிய நாற்காலி அது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்ததில் போய் இருந்தார்கள். பைக்குள் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி. அதற்குள் தாலி. பொத்தோசிக் கோயிலில் கட்டவென்று கொண்டுபோய், கட்டாமலே திரும்பக் கொண்டுவந்தது.

காலையில் வீட்டு வாசலில் அண்ணா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்: "நாளைக்குக் கோயில்ல முன்வாங்கில அவள் இருக்கக் கூடாது."

அண்ணா நாடாவைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். றஜிந்தன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "அப்ப நானும் இருக்கமாட்டன் அம்மா. அவளோட பின்னுக்கு நிப்பன்."

"தேப்பன்ர பெட்டிக்குப் பின்னால வராமலோ?"

"அதை நீங்கள்தான் யோசிக்கோணும்."

 நாளைக் காலையில் பூசை, பிறகு அடக்கம். சனம் முழுக்கப் பார்த்திருக்க மகன் பின்வாங்கில் நின்றால், அது நாளையோடு முடிகிற காரியமில்லை என்று அனோஜினிக்குத் தெரியும். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடித்திரிந்த மனிதர் பெட்டிக்குள் கிடந்தார்.

அதைத் தடுக்கக்கூடிய ஒரு சங்கதி அவளிடம் இருந்தது. அப்பா செத்த அன்றைக்கு ஹோட்டல் அறைக்குள் அம்மாவோடு இருந்தவள் அவள்தான். அண்ணா அதை விமானத்திலேயே கேட்டான். "அனோ, நீதான் அங்க நிண்டனி. என்ன நடந்தது?" அப்பாவுக்கு ஏலாமல் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முழுவதையும் சொன்னால் தேத்தண்ணிக் கதை உடைந்துவிடும். அம்மாவும் சேர்ந்து உடைவாள். அவள் பயம் அதுதான்.

போன வருசம் அண்ணா நீதிமன்றத்தில் வில்மாவைப் பதிவுத் திருமணம் செய்தபோது அம்மா போகவில்லை. கோயிலில் தாலி கட்டாதது கலியாணமில்லை என்றாள். சரி, கோயிலிலேயே கட்டலாம் என்றான் அண்ணா. எந்தக் கோயில் என்ற கேள்வி வந்தது. வில்மாவின் தகப்பன் டொன் செவெரினோ வாலிபம் முழுவதையும் வெள்ளிச் சுரங்கத்துக்குள் கழித்தவர். நெஞ்சுக்குள் கல்தூசி. அவரை விமானத்தில் ஏற்ற வைத்தியர்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே கோயில் அந்த மலையில்தான் என்றாகியது.

அம்மா மாட்டேன் என்றாள். அப்பா ஒரு வருசம் அவளோடு மல்லுக்கட்டினார். கடதாசிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, சோறு போடும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் அதே கதைதான். "ஒருக்கா வா அஞ்சலீனா. ஒரேயொருக்கா வந்து அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில நில். பேந்து நான் உன்னை ஒண்டும் கேக்கமாட்டன்." அம்மா ஓம் என்று சொன்னது அலுப்பில்தான். அப்பா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார்.

விமானம் மாறி மாறிச் சுக்ரே என்ற நகரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து வான் வண்டியில் மூன்று மணித்தியாலம் மேலே, மேலே. மரங்கள் முதலில் குட்டையாகின. பிறகு இல்லாமல் போயின. பொத்தோசியில் எந்தத் தெருவின் முடிவிலும் மலைதான் நின்றது. சிவப்பாக, கூராக, உள்ளுக்குள் கோறையாக. நானூறு வருசத்துக்கு மேலாகத் தோண்டுகிறார்களாம். ஒரு காலத்தில் அதிலிருந்த வெள்ளிக்காக உலகம் முழுவதும் இங்கே ஏறிவந்ததாம். இப்போது ஊரின் பாதிச் சுவர்களில் சுண்ணாம்பு உரிந்து கிடந்தது.

ஹோட்டலில் இறங்கியவுடன் இலைத் தேத்தண்ணி வந்தது உண்மைதான். அந்த ஊரில் ஏறி வருகிற எல்லோருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். தலைச்சுற்றுக்கு நல்லதாம். பக்கத்து மேசையில் ஒரு குழந்தையும் குடித்தது. அம்மா கோப்பையைத் தள்ளி வைத்தாள். ஏர்போட்டில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் பிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அகதியாக வந்து குடியுரிமை எடுத்த பிறகும் அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவில்லை. அப்பா தன்னுடையதையும் குடித்து அம்மாவுடையதையும் குடித்தார்.

பழைய நாணயசாலையைப் பார்க்கப் போனார்கள். வெள்ளியைத் தட்டையாக்கிய ஆளுயர மரச்சக்கரங்கள் இன்னும் நின்றன. வழிகாட்டி ஸ்பானிய மொழியில் சொன்னான். வில்மா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். அனோஜினி அதைத் தமிழில் சொன்னாள். சக்கரம் சுற்றிய கோவேறு கழுதைகள் இந்த உயரம் தாங்காமல் சில மாதங்களில் செத்துப்போகும், பிறகு மனிதர்களைப் பூட்டினார்கள் என்றாள் வில்மா. அனோஜினி, "கழுதை கட்டிச் சுத்தினவையாம்" என்று மட்டும் சொன்னாள். அப்பா சக்கரத்தைத் தடவிப் பார்த்து, நல்ல மரம் என்றார்.

சுரங்கத்துக்குப் போகிறவர்கள் அங்கே வேலைசெய்கிறவர்களுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். சந்தையில் ஒரு பெண் சோடாப் போத்தல், சிகரெட், இலைப் பொட்டலம் எல்லாவற்றோடும் டைனமைட் குச்சிகளையும் அடுக்கி வைத்திருந்தாள். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சேருங்கோ, இதில நில்லாதேங்கோ. ஆராவது படம் எடுத்தா இமிக்கிரேசன்ல கேப்பினம்."

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுக்குப் பயந்துதானே கனடாவுக்கு ஓடினனாங்கள். இஞ்ச மனிசி பையில போட்டு, மிச்சக்காசும் எண்ணிக் குடுக்கிறா."

சிரித்தபோதே அவருக்கு மூச்சு இளைத்தது. சிரிப்பால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சுரங்க வாயிலோடு அம்மா நின்றுவிட்டாள். மற்றவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, குனிந்து, கொஞ்சத் தூரம் உள்ளே போனார்கள். ஒரு வளைவில் களிமண்ணால் செய்த பேய் ஒன்று உட்கார்ந்திருந்தது. கொம்பு, கண்ணாடிக் கண், வாயில் எரிந்து முடிந்த சிகரெட். மண்ணுக்கு மேலே கடவுள், கீழே இவர்தான் பொறுப்பு என்றாள் வில்மா. தொழிலாளிகள் அவரை மாமா என்று கூப்பிடுவார்களாம். அப்பா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மரியாதையாக அந்த வாயில் வைத்தார். வெளியே வந்ததும் அம்மாவுக்கு அது தெரிந்துபோயிற்று.

"பேயை மாமா எண்டு கூப்பிடுற சனத்திட்டையோ பெண் எடுக்கப்போறம்?"

"நாங்களும் றோட்டில போற வாற எல்லாரையும் மாமா எண்டுதானே கூப்பிடுறம்," என்றார் அப்பா. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் கோயிலுக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் அப்பாவும் டொன் செவெரினோவும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அப்பா தமிழில் கதைத்தார். அவர் ஸ்பானிய மொழியில் கதைத்தார். ஒருவர் இருமினால் மற்றவர் முடியும்வரை காத்திருந்தார். அனோஜினி கூப்பிடப் போனபோது அப்பா சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சுத்தான் பிள்ளை. சம்பந்திப் பொருத்தம்."

மறுநாள் அப்பா கட்டிலைவிட்டு எழும்பவில்லை. நெஞ்சு இறுகுகிறது என்றார். அவர்கள் வீட்டில் நெஞ்சுக்கு வருவதெல்லாம் வாய்வுதான். அம்மா மொன்றியலிலிருந்தே உள்ளிப்பூண்டும் தைலமும் கொண்டுவந்திருந்தாள். ஹோட்டல் குசினியில் சைகையால் கேட்டு உள்ளிப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். ஏவறை வந்து வாய்வு வெளியேறினால் சரியாகிவிடும் என்றார் அப்பா. ஏவறை வரவில்லை. விடிந்தால் கலியாணம்.

எதிர்ச்சுவரில் வெயில் இன்னும் நின்றது. வில்மா கதவைத் தட்டினாள். அண்ணா கோயிலில் பாதிரியாரோடு நின்றான். கீழே தெருவில் அவளுடைய தமையனின் வான், இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. அவள் கட்டிலருகே வந்து அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. உடனே அனோஜினியிடம் திரும்பி வேகமாகப் பிரெஞ்சில் சொன்னாள். இது உயரத்தால் வருவது. நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டுகிறது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு இப்போதே சுக்ரேக்கு இறக்க வேண்டும். கலியாணம் இன்னொரு நாள் நடக்கட்டும். இங்கேயே வைத்திருந்தால் இவர் செத்துப்போவார்.

சாவதைச் சொல்லும் அந்தக் கடைசிச் சொல்லை, மூரீர் என்பதை, அவள் இரண்டு தரம் சொன்னாள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள். அப்பா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனோஜினி சின்ன வயதிலேயே இந்த வேலைக்கு வந்தவள். வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரனிடம், அம்மா அப்பாவுக்கு வாய் அவள்தான். அப்போதே ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. சோற்றிலிருந்து கஞ்சியை வடிக்கிறமாதிரிக் கேட்டதிலிருந்து பயத்தை வடித்துவிட்டு மிச்சத்தைத்தான் பெற்றோருக்குக் கொடுப்பாள். இப்படியே சீனி சாப்பிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று வைத்தியர் அப்பாவுக்குச் சொன்னபோது, "காலைக் கவனமாப் பாக்கட்டாம்" என்றாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

"கீழ இறங்கினா அப்பாவுக்குச் சுகமா இருக்குமாம்," என்றாள். "ஆஸ்பத்திரியிலயும் ஒருக்காக் காட்டலாமாம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெதுவாகக் கையை அசைத்தார். "நாளைக்குப் பூசை முடிய இறங்குவம் எண்டு சொல்லு," என்றாள் அம்மா.

வில்மா அசையவில்லை. அனோஜினிதான் அவளைத் தோளில் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். வானுக்குப் பக்கத்தில் நின்று வில்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். அனோஜினி திரும்பத் திரும்ப நாளைக்கு என்றாள். கடைசியில், ஒட்சிசன் உருளை ஒன்றையாவது கொண்டுவருகிறேன் என்று வில்மா வானில் ஏறினாள். அவள் உருளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவந்தபோது கோயிலில் மாலைச் செபத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. படியில் பாதி ஏறியபோது மேலே அம்மாவின் ஒப்பாரி கேட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

அம்மாவின் கதையில் அந்த வான் இல்லை. உருளையும் இல்லை.

பின்னேரம் சனம் சற்றுக் குறைந்தது. றோஸ்மேரி அக்கா செபமாலைப் புத்தகங்களை எடுக்கக் காருக்குப் போனாள். அண்ணா நாளைய ஒழுங்குகளைப் பற்றி அலுவலக அறையில் பேசிக்கொண்டிருந்தான். அனோஜினி பக்கத்து அறைக்குப் போய்க் கோப்பி இயந்திரத்தில் ஒரு கோப்பையைப் பிடித்தாள். திரும்பியபோது வில்மா நின்றாள்.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் உன் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கார்தெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவள் அவள். விழுந்த பிள்ளையிடம் எங்கே நோகிறது என்று விசாரிக்கிற குரல் அது. அனோஜினி கோப்பைக்குள் பார்த்தாள். 

வில்மா கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு, பெட்டியை மூட முதல் உன் அம்மாவிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். நான் சொல்வதை அப்படியே சொல். குறைக்காதே.

முன்வரிசைக்கு இருவரும் நடந்துபோனார்கள். வில்மா அம்மாவுக்கு முன்னால் கால்களை மடித்துக் குந்தினாள். அம்மா அவளைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள்.

"என்ன வேணுமாம்?"

"உங்களோட கதைக்கோணுமாம்."

வில்மா ஒவ்வொரு வசனமாகச் சொல்லி நிறுத்தினாள். அனோஜினி அதை எடுத்து அம்மாவிடம் வைத்தாள்.

"அண்டைக்கு நான் வானோட வந்தனான்."

அம்மா இன்னும் மகளையே பார்த்தாள்.

"இப்ப இறக்காட்டி இவர் செத்துப்போவார் எண்டு சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான்."

அந்தச் சொல்லை அனோஜினி தமிழில் அம்மாவிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.  வில்மா காத்திருந்தாள். பிறகு மிச்சத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு எண்டு சொன்ன உடன நான் போயிருக்கக் கூடாது. தமையன்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கோணும். அந்த மலையை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுகொண்டும் உங்களிட்ட அனுமதி கேட்டுக்கொண்டு நிண்டது என்ர பிழை. அதுக்கு என்னை மன்னியுங்கோ."

வில்மா முடித்துவிட்டாள். அனோஜினி முடிக்கவில்லை. "அம்மா, அவள் அண்டைக்கே இப்பிடித்தான் சொன்னவள். நான்தான் உங்களிட்ட…"

"தெரியும்," என்றாள் அம்மா.

மண்டபத்தின் எங்கோ ஒரு மூலையில் வெப்பக் குழாய் தட்டித் தட்டி ஓய்ந்தது.

"பதினேழு வருசம் கோட்-டெ-நெய்ஜில ஆஸ்பத்திரி கூட்டித் துடைச்சனான். மூரீர் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியாதே பிள்ளை? காலமை போனா கட்டில் வெறுமையாக் கிடக்கும். கேட்டா அந்தச் சொல்லைத்தான் சொல்லுவினம்." அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அப்பாவுக்கும் விளங்கினதுதான். அவரும் பக்டரியில பிரெஞ்சுக்காரங்களோட நிண்ட மனிசன்தானே."

"அப்ப ஏனம்மா…"

"நீ அவளைக் கூட்டிக்கொண்டு கீழ போனனி. அப்பா என்ர கையைப் பிடிச்சு அமத்தினார். இப்ப இறங்கினா நீ திருப்பி ஏறமாட்டாய் அஞ்சலீனா எண்டார். ஒரு ராத்திரிதானே, தாங்குவன், நாளைக்கு நீ அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கோணும் எண்டார்."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள்போல் இருந்தது.

"நான் திருப்பி ஏறியிருக்க மாட்டன்தான். அது அவருக்குத் தெரியும்."

அனோஜினிக்குக் கேட்க ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப அந்தத் தேத்தண்ணி?"

"வாறதுகள் கேக்குதுகளே, எப்பிடி நடந்தது எண்டு. ஆரையாவது சொல்லத்தானே வேணும்." அம்மாவின் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. "உன்னைச் சொல்லுறதே?"

வில்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி என்ற சொல் இப்போதும் வந்துவிட்டதை அவள் கவனித்திருந்தாள். அனோஜினி அவளுக்குப் பக்கத்தில் தானும் குந்தி, அம்மா சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சொன்னாள். அப்பா அமத்திய கையைச் சொன்னாள். திரும்பி ஏறியிருக்க மாட்டேன் என்றதைச் சொன்னாள். ஆரையாவது சொல்லத்தானே வேண்டும் என்றதையும் விடவில்லை. நீளமாக இருந்தது. எதையும் வடிக்கவில்லை.

வில்மா அழவில்லை. தலையைக் குனிந்து தரைவிரிப்பைப் பார்த்தபடி அப்படியே குந்தியிருந்தாள். அலுவலக அறையிலிருந்து வெளியே வந்த அண்ணா, மூவரையும் கண்டதும் கிட்ட வராமல் கதவடியில் நின்றான்.

அம்மா கையை நீட்டிப் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"கால் விறைக்கப்போகுது," என்றாள். "எழும்பி இருக்கச் சொல்லு."

அனோஜினி சொன்னாள். வில்மா எழும்பி அந்த நாற்காலியின் விளிம்பில், எந்நேரமும் எழும்பத் தயாராக இருக்கிறவள்போல் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முன்னால் பெட்டி இருந்ததால் பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சிறிது நேரத்தில் அருமைராசா அண்ணை வந்தார். அப்பாவோடு பெட்டித் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் நின்றவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். சப்பாத்தில் பசை காய்ந்திருந்தது. பெட்டிக்கு முன்னால் நின்று முகத்தைத் துடைத்தார். மீசையைப் பார்த்து, "ஆரப்பா இப்பிடி வெட்டினது," என்று தனக்குள் சொன்னார். பிறகு வந்து அம்மாவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எப்பிடியக்கா நடந்தது?"

அம்மா உடனே தொடங்கவில்லை. றோஸ்மேரி அக்கா புத்தகங்களோடு வந்து பின்வரிசையில் நின்றாள்.

"பொத்தோசிக்குப் போனனாங்கள்," என்றாள் அம்மா.

வில்மாவின் கை நாற்காலியின் ஓரத்தை இறுகப் பிடிப்பதை அனோஜினி கண்டாள். அடுத்த சொல்லுக்காக அவள் முதுகு முழுவதும் காத்திருந்தது.

"சரியான உயரம் அருமை. ஏறினம். இவருக்கு ஏலாமல் போச்சு. இறக்கச் சொல்லி இந்தப் பிள்ளை வானோட வந்து நிண்டவள்." அம்மா நிறுத்தினாள். "நாங்கள் இறங்கேல்லை."

அருமைராசா அண்ணை இன்னும் ஏதாவது வரும் என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் புத்தகத்தின் தாள் ஒன்று புரண்டது. வில்மா இன்னும் காத்திருந்தாள்.

அம்மாவின் மடியிலிருந்த பையின் வார் சரிந்து வில்மாவின் முழங்காலில் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.